தாங்கும் சுவர்

ஆதிச்சநல்லூர், 1876 முதல் முதுமக்கள் தாழிகளுக்காக மண்ணைத் தோண்டிப் பார்த்த ஊர். அந்தப் பக்கத்துப் பழைய கட்டைக்குத்து வீடுகளில் அடுக்களையைப் பட்டாசலிலிருந்து பிரிக்கும் சுவரைப் பார்த்தவர்கள்தான் குறைவு. அதை எடுத்துவிடலாமா என்று ஒரு பெண் கேட்டால் உடனே வரும் பதில், "வீடு விழுந்துரும்."

விழுமா என்பது பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம். மேலே கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? அவற்றின் முனை இந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதா? மாடியில் இதற்கு நேர் மேலே இன்னொரு சுவர் உண்டா? ஒன்பது அங்குலமா, நாலரையா என்பதும் ஒரு குறிப்பு. அதை மட்டும் நம்பக் கூடாது. வெறும் தடுப்பாக எழுப்பிய நாலரைச் சுவர்மேல்கூட, நாளாக ஆக உத்திரம் தொய்ந்து வந்து உட்கார்ந்துவிடும். தாங்குவதற்கென்று கட்டாதது தாங்கத் தொடங்கிவிடும்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். குடும்பத்தின் தூண் என்று புகழப்படும் பெண்கள் பலர் இப்படித்தான் தூணானார்கள். மேலே யாரோ தொய்ந்தார்கள். "அவள் வேலைக்குப் போனால் வீடு என்னாகும்?" என்ற கவலையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், பாரம் உண்மை. ஆனால் பாரம் இருப்பதாலேயே சுவர் அங்கேயே நிற்க வேண்டுமா? கொத்தனார் முதலில் முட்டுக்கொடுப்பார், புது உத்திரம் ஏற்றுவார், அப்புறம்தான் இடிப்பார்.

இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே மணமானவர்களை அது சேர்க்கவில்லை. அந்த விலக்கு 2005-இன் மத்தியத் திருத்தத்தில்தான் நீங்கியது. இன்றும் பங்கு கேட்கும் தங்கையிடம், "உறவு விட்டுப்போகும்" என்கிறார்கள். அவள் விட்டுக்கொடுத்தது மட்டும்தானா இத்தனை நாள் அந்த உறவைத் தாங்கியது என்று அண்ணனிடம் யாரும் கேட்பதில்லை.