போகிறவன் எதைக் கொண்டுபோகலாம்?



இந்த மாதம் ஒரு ராக் கித்தார்காரரைப் பற்றி எழுதுகிறேன். "உலகப் பாட்டு நமக்கு எதுக்கு பாஸ்டர்?" என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

டெல்லியில் 1990-ல் 'இந்தியன் ஓஷன்' என்ற இசைக்குழு உருவானது. ஆரம்பித்தவர்கள் சுஷ்மித் சென், அஷீம் சக்கரவர்த்தி என்ற இரண்டு நண்பர்கள். சுஷ்மித் கித்தார், அஷீம் தபலாவும் பாட்டும். அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்ததே சுஷ்மித்தின் தகப்பனார்தான். 2000-ல் வந்த 'கந்தீசா' ஆல்பம் அவர்களை நாடறியச் செய்தது. அந்தத் தலைப்புப் பாட்டு எது தெரியுமா? கேரளத்து சுரியானி கிறிஸ்தவர்கள் பாடிவரும் அராமிக் துதி! 'பரிசுத்தம்' என்று அர்த்தம்.

2009 கிறிஸ்துமஸ் அன்று அஷீம் மரித்துப்போனார். 2013-ல் சுஷ்மித்தும் குழுவை விட்டு விலகி, 'சுஷ்மித் சென் கிரானிக்கிள்ஸ்' என்று தன் பெயரிலேயே அமைத்த குழுவோடு போனார். பழைய பெயர் மீதியானவர்களிடமே தங்கிவிட்டது. தகப்பன் சொன்ன பெயர், பாருங்க!

இங்கிலாந்தில் பிங்க் ஃபிளாய்டு குழுவை 1985-ல் விட்டுப்போன ரோஜர் வாட்டர்ஸ், இனி அந்தப் பெயரே இருக்கக்கூடாது என்று 1986-ல் கோர்ட்டுக்குப் போனார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிற்காலப் பாட்டுகளில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. ஆனால் நாலு பேர் உழைத்த இடத்தில் ஒருவன் பங்கை எந்தத் தராசில் நிறுப்பது? கடைசியில் சமரசம், பெயர் இருந்தவர்களுக்கே போனது.

நம்ம சீயமங்கலம், செஞ்சி பக்கம் வருவோம். ஆராதனையில் கித்தார் வாசிக்கிற தம்பி ஒருவன் விலகினால் அது பாவமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பவுலும் பர்னபாவும் மாற்கு காரியத்தில் மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தார்களே. பர்னபா மாற்குவோடு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவோடு சீரியா பக்கம் போனார். அந்தியோகியா சபையை யாரும் பாதியாக வெட்டிக்கொண்டு போகவில்லை. நம்மிடத்தில் நடக்கிறது வேறே. போகிறவன் சபைக் கீபோர்டையும், அஞ்சு குடும்பத்தையும், சபைப் பெயரில் முக்கால் பங்கையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலேயே போர்டு மாட்டுகிறான். இருக்கிறவங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. நேற்றுவரை "அபிஷேகம் பெற்ற விரல்" என்று புகழ்ந்த வாய், இன்றைக்கு "தேமா" என்கிறது.

விரல்கள் அவனுடையவை, கொண்டுபோகட்டும். கீபோர்டு சபையுடையது, இருக்கட்டும். ஆனால் அவன் இசையமைத்த பாட்டு? இங்கேதான் எனக்கு யோசனை நீண்டது. சபையார் வாயில் வைத்ததைத் திருப்பிக் கேட்கமுடியாது. அவன் புது இடத்தில் அதைப் பாடினால் திருட்டு என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை.

சுஷ்மித்தின் இடத்துக்கு நிகில் ராவ் என்ற கித்தார்காரர் வந்தார். பழைய குழு 'கந்தீசா'வை அவரோடு மேடையில் பாடிவருகிறது. அந்தப் பாட்டு அவர்கள் எல்லாருக்கும் முன்னமே கேரளத்துச் சபைகளின் வாயில் இருந்தது.