கலைக்கு முடி வேண்டுமா?

உலகத்தைத் தன் மடியில் ஏந்தியவன்! கற்பனைக் கதையில் வரும் வருணனையன்று இது. ஒரு மன்னர் குடும்பத்தின் பட்டப்பெயர். ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகரில், 1755 முதல் அரியணை ஏறியோர் சூடிய ‘ஹமெங்குபுவோனோ’ என்னும் பெயருக்கு அதுதான் பொருள்.

உலகை ஏந்திய மடி எத்தகையது? வரலாறு விடை கூறுகிறது. 1755-இல் டச்சு வணிகக் கும்பினி நடுவிலே நின்று, மத்தராம் அரசை இரு கூறாக்கியது. கியாந்தி உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். ஒரு கூறு சுரகர்த்தா. மறு கூறு யோக்யகர்த்தா. வணிகன் வரைந்த கோட்டிலே பிறந்தது, உலகை ஏந்தும் அரசு! 1812-இல், ராஃபிள்ஸ் ஆட்சியின்போது, ஆங்கிலப் படை அந்த அரண்மனைக்குள் புகுந்தது. பொன் போயிற்று, பொருள் போயிற்று, நூலகத்துச் சுவடிகளும் போயின. அவற்றுள் 75 சுவடிகளின் மின்படிகள் 2019-இல் இலண்டனிலிருந்து வந்தன. மூலம் அங்கே, நிழல் இங்கே! உலகைக் காக்கும் அரியணையால் தன் வீட்டு ஏட்டைக்கூடக் காக்க இயலவில்லை.

இப்பட்டங்களைக் கண்டு நகைப்பது எளிது, தோழர்களே! நகைத்துவிட்டு நகர்ந்துவிட முடியாத செய்தி ஒன்றும் அங்கே இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நாம் பகுத்தறிவாளரல்லர், வெறும் பழிப்புரையாளரே.

1940-இல் முடிசூடியவர் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ. ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1945 ஆகஸ்டில் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. வெற்றி எந்தப் பக்கம் என்று எவரும் அறியாத வேளை. செப்டம்பர் 5-ஆம் நாள், தம் நாடு குடியரசின் பகுதியே என்று அவர் அறிவித்தார். 1946 முதல் 1949 வரை அவர் நகரே குடியரசின் தலைநகர். 1948 டிசம்பரில் டச்சுப் படை நகரைக் கைப்பற்றிய பின்னரும் அவர் அந்நியருக்குத் துணை போகவில்லை. கஜமாதா பல்கலைக்கழகம் தோன்றியபோது, அரண்மனையின் முன்மண்டபங்கள் வகுப்பறைகளாயின. மன்னர் கொலுவிருந்த இடத்தில் மாணவர் ஏடு விரித்தனர்!

நல்லவரா அவர்? ஆம், நல்லவரே. ஆயின், ஒரு மன்னர் நல்லவர் என்பதால் மன்னர் பதவி நல்லதாகிவிடுமா? இதுதான் கேள்வி.

நன்றியுள்ள மக்கள், ஆகிவிடும் என்றே கருதினர். தேர்தல் முறை வரவேண்டும் என்ற பேச்சு 2010-இல் தலைநகரிலிருந்து எழுந்தபோது, யோக்யகர்த்தா மக்களே தெருவிலே திரண்டு எதிர்த்தனர். 2012-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம் பிறந்தது. சுல்தானே ஆளுநர், பாகுஆலம் அரச மரபினரே துணை ஆளுநர், வாக்குப்பெட்டி இல்லை!

மக்கள் விரும்பி ஏற்றால் பரம்பரை ஆட்சியும் மக்களாட்சிதானே என்பர் சிலர். அன்று! தேர்ந்தெடுப்பது வேறு; தேர்ந்தெடுக்கும் உரிமையையே ஒப்படைத்துவிடுவது வேறு. நாளை ‘வேண்டா’ என்று சொல்ல வழியிருந்தால்தான், இன்று சொல்லும் ‘வேண்டும்’ பொருளுடையது. 2010-இல் தெருவில் நின்றவர், அதன்பின் பிறந்த குழந்தைக்கும் சேர்த்து வாக்களிக்க உரிமை பெற்றவரா? தந்தை செய்த நன்மையை நினைத்து மகனை வணங்கலாம், அது பண்பு. ஆட்சியையே எடுத்துக் கொடுப்பது பண்பன்று, பழக்கம்.

அந்தப் பழக்கத்திற்கு விலை உண்டு. 1975-இல் அம்மாநிலத் துணை ஆளுநர் விடுத்த அறிவுறுத்தல், சீன மரபினரான குடிமக்களுக்கு நில உடைமை உரிமை தரலாகாது என்றது. நீதிமன்றம் ஏறியும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. வேறெங்கும் இத்தகைய குறையுடையவன் அடுத்த தேர்தலை நோக்கியிருப்பான். இங்கே அவன் எதை நோக்கியிருப்பான்? அடுத்த மகுடத்தையா?

“அரண்மனை இல்லையேல் கலை இல்லை” என்பது இறுதி வாதம். கமலான் இசையும், தோற்பாவை நிழற்கூத்தும், ஒன்பது மகளிர் ஆடும் பெடாயா நடனமும் அங்கே பேணப்படுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் 1918-இல் நிகழ்ந்தது என்ன? அரச குடும்பத்தைச் சேர்ந்த இருவரே, மதிலுக்குள் இருந்த நடனத்தை வெளியே உள்ள இளைஞருக்குக் கற்பிக்க ஒரு பள்ளி கண்டனர். கலை மாண்டதா? வளர்ந்தது! பராங் என்னும் பாத்திக் கோலம் ஒருகாலத்தில் அரச குடும்பத்தாரன்றிப் பிறர் உடுத்தலாகாது. இன்று சந்தையிலே எவரும் வாங்கி உடுத்துகின்றனர். கோலம் அழிந்ததா? பரவியது! மெழுகு தொட்டவள், தோல் செதுக்கியவன், வெண்கலம் வார்த்தவன் ஆகியோரின் கைகள் பெற்ற பிள்ளை கலை. மன்னர் அதைத் தொட்டிலிட்டார், அவ்வளவே. தொட்டிலைத் தாய் என்பதா?

ஜாவா மொழியிலேயே ஏற்றத்தாழ்வு குடியிருக்கிறது. ஒத்தவரிடமும் தாழ்ந்தவரிடமும் பேச ஒரு நடை. உயர்ந்தவரிடம் பேச மற்றொரு நடை. 1917-இல் சுரபாயாவில் எழுந்த ‘ஜாவா தீபா’ இயக்கம், எல்லோருக்கும் ஒரே நடை போதும் என முழங்கியது. பாகுஆலம் அரச மரபிலே பிறந்த சுவர்தி சூர்யநிங்ராத், 1922-இல் ‘தாமன் சிஸ்வா’ கல்வி நிலையத்தை நிறுவினார். 1928-இல் தம் பிரபுத்துவப் பெயரையே உதறி, கி ஹஜார் தேவந்தாரா ஆனார். பட்டம் போயிற்று, மனிதர் உயர்ந்தார். ஜாவாவின் பண்பாடு என்றால் கொலுமண்டபம் மட்டுமா? இவர்களும் அல்லவா!

மூடநம்பிக்கைக்கும் அரண்மனை நிழல் தருகிறது. தென்கடல் அரசிக்கும், மெராபி எரிமலைக்கும் ஆண்டுதோறும் காணிக்கை செல்கிறது. அந்த மலைக்குக் காவலராக அரண்மனை அமர்த்திய முதியவர் மாரிஜான். 2010 அக்டோபரில் அறிவியலார் உச்ச எச்சரிக்கை விடுத்தனர். அவர் இறங்க மறுத்தார். 26-ஆம் நாள் எரிபுகை அவரையும் அவ்வூரார் பலரையும் விழுங்கிற்று. அவரை ஏளனம் செய்யோம். கடமை என நம்பி உயிர் தந்தவர். அந்தக் கடமையைக் கற்பித்தது எது என்றுதான் கேட்கிறோம்.

மாற்றம் அங்கேயும் கதவைத் தட்டுகிறது. பத்தாம் சுல்தானுக்கு மகனில்லை, ஐந்து மகளிர். 2015-இல் மூத்த மகளுக்கு வாரிசின் பெயராகக் கருதப்பட்ட பட்டத்தைச் சூட்டினார். உடன்பிறந்தார் மரபைக் காட்டி எதிர்த்தனர். பெண்ணும் ஆளுநராக இடையூறாயிருந்த சட்டச் சொல்லை 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. மகன் என்றால் தகும், மகள் என்றால் தகாது என்பாரை எதிர்த்து நாம் மகளின் பக்கமே நிற்போம். எனினும் ஒன்றை மறவோம்: அரியணைக்கு ஒரு பெண் வருவது அநீதியில் ஒரு பாதி தீர்வது. மறு பாதி, யாரோ ஒருவர் வீட்டில் பிறந்தால்தான் வரமுடியும் என்பதிலே நிற்கிறது.

அரண்மனை நிற்கட்டும், பள்ளியாக, நூலகமாக, ஆடரங்கமாக நிற்கட்டும். கமலான் ஒலிக்கட்டும். ஒன்பதாமவர் ஒருநாள் மாணவருக்குத் திறந்துவிட்ட கதவு, மக்கள் அனைவருக்கும் முழுதும் திறக்கட்டும். அவருக்கு நன்றி செலுத்த அதைவிடச் சிறந்த வழி வேறென்ன இருக்கிறது? உலகம் எவர் மடியிலும் இல்லை, தோழர்களே! அது உழைப்பவர் தோளிலே இருக்கிறது.