மிச்சம் எங்கே இருக்கிறது?

கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளில் அம்மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) கட்டணம் 46 டாலர். அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்தே 2,760 டாலர்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் கட்டணமே இதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆனால் அந்த மிச்சம் கையில் நிற்பது பாடத் தேர்வைப் பொறுத்தது. பொறியியலுக்குப் போக நினைப்பவர் கால்குலஸையும் இயற்பியலையும் தள்ளிப்போட்டு, சுலபமான பாடங்களாக எடுத்தால் யூனிட் நிரம்பும்; பொறியியலில் இடம் கிடைப்பது கடினம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு துறையை மாற்றினால் கூடுதல் பருவங்கள், அதுவும் அங்கத்திய கட்டணத்தில்!

எந்தப் பாடம் எங்கே செல்லுபடியாகும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளம் இலவசமாகக் காட்டுகிறது. முதல் பருவத்துக்குப் பதிவு செய்யுமுன் அதைப் பாருங்கள். துறையை முடிவு செய்யாமல் செலவுக் கணக்கு முடியாது.