அஞ்சாத உயிர்களைக் காணச் செல்லலாமா?

இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட நால்வகைத் தானங்களுள் அபயதானம் ஒன்று. பிற உயிர் நம்மைக் கண்டு அஞ்சாதவாறு ஒழுகுதலே அது. ஆயினும் நாம் வாசலில் இறங்கினால் அணில் மரமேறி ஒளிகிறது. தலைமுறை தலைமுறையாகப் புலால் உண்ணாதவர் நாம் என்பதை அணில் எங்ஙனம் அறியும்? மனித உருவே அதற்கு அச்சம்.

மனிதனுக்கு அஞ்சாத உயிர்கள் வாழும் இடமும் உண்டு. ஈக்வடார் நாட்டின் கரைக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, எரிமலைகளால் எழுந்த கலாபகஸ் தீவுகள் அவை. கடல் உடும்பு நடைவழியில் வெயில் காயும். நீலக்கால் பறவை அவ்வழியின் ஓரத்திலேயே அடைகாக்கும். அயல்நாட்டில் பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் அங்குச் செல்லத் திட்டமிட்டு, இது நம் அறத்திற்கு ஒக்குமா என வினவுகின்றனர்.

ஒவ்வாது எனச் சொல்லிவிடுதல் எளிது. செல்லும் திசைக்கு எல்லை வகுப்பது திக்விரதம். பயனின்றித் திரிதலை விலக்குவது அநர்த்ததண்ட விரதம். பொழுதுபோக்கிற்கென அத்துணைத் தொலைவு பறப்பது இவ்விரண்டிற்கும் இடறலே. ஆனால் அத்தீவுகளின் நடைமுறையை அறிந்தபின் நமக்கு அத்துணை உறுதி இல்லை.

அவ்வுயிர்களின் அச்சமின்மை மனிதன் ஈந்ததன்று. வேட்டையாடும் பெருவிலங்குகள் அங்கு இல்லாமையால் வாய்த்தது. அதனையே மனிதன் தனக்கு வாய்ப்பாக்கினான். திமிங்கில வேட்டைக் கப்பலினர் பேராமைகளைத் தூக்கிச் சென்று கப்பலின் அடித்தளத்தில் அடுக்கினர். உணவும் நீருமின்றி அவை பல மாதங்கள் உயிரோடு கிடந்தன, வேண்டும்போது வெட்டப்படுவதற்காக.

இன்று நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா. வழிகாட்டியின்றிப் பெரும்பாலான இடங்களில் நுழைய இயலாது. குறித்த பாதையினின்று விலகலாகாது. உயிர்களிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்றல் வேண்டும். விதையோ பழமோ வந்துவிடாதபடி பைகளைச் சோதிக்கின்றனர். நம் முனிவர்கள் ஈர்யாசமிதியில் நான்கு முழம் முன்னோக்கி நடப்பர். ஏறத்தாழ அதே அளவு! அதைக் கண்டபோது நமக்கு வியப்பே உண்டாயிற்று.

இடர்ப்பாடு வேறோர் இடத்தில் உள்ளது. வந்தேறிய மனிதர் விட்ட ஆடுகள் பெருகிப் பசுமையைத் தின்றழித்தமையால் ஆமைகள் உணவிழந்தன. 1997 முதல் 2006 வரை நடந்த திட்டத்தில் லட்சத்திற்கு மேற்பட்ட ஆடுகள், பல ஹெலிகாப்டரிலிருந்து, சுடப்பட்டன. எஞ்சியவற்றைக் கண்டறிய ஓர் ஆட்டின் கழுத்தில் வானொலிக் கருவி கட்டி விட்டனர். அது துணை நாடி மந்தையைச் சேர்ந்ததும் மந்தையைச் சுட்டனர். அதனை மட்டும் மீண்டும் தேட விட்டனர். ஆமைகள் பிழைத்தன என்பது உண்மை. அந்த ஆடும் ஐயறிவுயிர் என்பதும் உண்மை.

2024 ஆகஸ்டு முதல் அயல்நாட்டார்க்கு நுழைவுக் கட்டணம் 200 டாலர்; அதில் ஒரு பங்கு பூங்காவிற்குச் செல்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினையே என்னும் நாம், கட்டணம் செலுத்துவோர்க்கு இதில் பங்கே இல்லை எனக் கூறத் துணியவில்லை. போகலாகாது எனத் தடுக்கவுமில்லை. வாழ்வில் ஒருமுறை என எல்லை வகுத்துச் செல்க. இரவுணவு ஒழித்தோர் படகினர்க்கு முன்னரே தெரிவிக்க என்றோம். பேராமையைக் காட்டும் வழிகாட்டியிடம், ஆடுகள் மேய்ந்த இடம் எது என்றும் கேட்டு வருமாறு சொல்லியிருக்கிறோம்.