புறத்தே நிற்றலும் புறத்தே நிறுத்தப்படுதலும்

மனிதர் எவற்றை விளையாடுகின்றனர் என்பதைக் கொண்டு அவர்கள் எவற்றுக்கு ஏங்குகின்றனர் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். சதுரங்கம் ஆடியவர் படை நடத்த விரும்பினர். சடுகுடு ஆடியவர் பகைவர் எல்லையுட் புகுந்து மீள விரும்பினர். நம் காலத்து இளைஞர் ஆடும் கணினி விளையாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ' என்னும் வரிசையாகும். அப்பெயரே வாகனக் களவைக் குறிக்கும் அமெரிக்க வழக்குச் சொல். அவ்வரிசையில் 2004இல் வெளிவந்த 'சான் அன்ட்ரியாஸ்' 2013இல் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தமையால், வலப்பனைப் பிரதேசத்தில் இராகலைப் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்க்கும் அது அந்நியமானதன்று.

அவ்விளையாட்டுகளில் இடம்பெறும் ஊர்திகளுள் ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருளாகிறது. தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, முன்னோக்கி நீண்ட கவையில் பூட்டிய முன்சில்லு, அதிர்ந்து முழங்கும் இயந்திரம் ஆகியவற்றைக் கொண்ட 'குரூசர்' வகை மோட்டார் சைக்கிள் அது. 'சான் அன்ட்ரியாஸில்' அதற்கு 'ஃப்ரீவே' என்று பெயர்; 2009இல் வெளிவந்த 'த லொஸ்ட் அன்ட் டாம்ட்' என்னும் பகுதியில் 'ஹெக்சர்' என்று பெயர். விரைந்து செல்லுதற்கு விளையாட்டில் வேறு ஊர்திகள் உண்டு. ஆயினும் சட்டத்தை மதியாதவனின் ஊர்தி என்ற கோலம் இதற்கே உரியது. ஆடுபவர் இதன்மீது ஏறி எத்திசையும் செல்லலாம். குற்றம் இழைத்தால் பொலிஸார் துரத்துவர். திரையில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூடும். அவர்தம் கண்ணிற் படாது சிறிது நேரம் மறைந்திருந்தால் அந்நட்சத்திரங்கள் அழிந்துவிடும். இறந்துபோனாலும் கையிருப்பிற் சிறிது குறைய, மருத்துவமனை வாயிலில் மீண்டும் எழலாம். சட்டத்துக்குப் புறத்தே நிற்பவனே சுதந்திரன் என்பது இவ்வூர்தி சொல்லாமற் சொல்லும் தத்துவம். அத்தத்துவம் மெய்யானதா என்பதே நம்முன் உள்ள வினா.

இத்தகைய விளையாட்டுகள் இளைஞரைக் குற்றவாளிகளாக்குமா என்பதே வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. அதனை இங்கு ஒதுக்கிவைக்கலாம். நமது தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் மன்மதனை எரிக்கும் ஈசனாக நின்றவர் மறுநாட் காலை மலைக்கு வேலைக்குப் போகிறார், எவரையும் எரிப்பதில்லை. வேடம் வேறு, வாழ்வு வேறு என்பதைப் பாமரரும் அறிவர். எனவே விளையாட்டு நம்மை என்ன செய்யத் தூண்டுகிறது என்பதைக் காட்டிலும், சுதந்திரம் என்ற சொல்லுக்கு நம் மனத்தில் எத்தகைய உருவத்தை வரைகிறது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வூர்தியைச் சார்ந்து வழங்கும் ஆங்கிலச் சொல் 'அவுட்லோ' என்பது. அதன் வரலாறு நம்மைச் சிந்திக்க வைப்பது. இடைக்கால இங்கிலாந்தில் அது ஒருவன் தானே சூடிக்கொண்ட பட்டமாக இருந்ததில்லை. அவன்மேல் விதிக்கப்பட்ட தண்டனையாகவே இருந்தது. பன்முறை அழைத்தும் மன்றுக்கு வாராதவனைச் சட்டத்துக்குப் புறத்தான் என்று அறிவித்தனர். அவ்வறிவிப்போடு அவனது உடைமை போயிற்று, பாதுகாப்பும் போயிற்று. பழங்காலத்தில் அவனைக் கொன்றவனுக்குத் தண்டனையும் இல்லை. சட்டம் அவனைச் சிறையில் இடவில்லை. அதனினும் கொடியதாக, அவனைக் காணாதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இங்கிலாந்தில் இத்தண்டனை சட்டநூலிலிருந்து முற்றாக நீங்கியது 1938இலேயாகும்.

தண்டனைச் சொல் பெருமைச் சொல்லாக மாறியது அமெரிக்காவில். அந்நாட்டு மோட்டார் சைக்கிள் சங்கத்தின் அங்கீகாரம் பெறாத கழகங்களை அவ்வாறு அழைத்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய போர்வீரர் பலர் தம் வண்டிகளின் மிகைப்பாகங்களை வெட்டியெறிந்து கூட்டங் கூட்டமாகத் திரிந்தனர். 1947 யூலையில் கலிபோர்னியாவின் ஹொலிஸ்டர் என்னும் சிறு நகரில் அவர்கள் விளைத்த ஆரவாரம் நாடெங்கும் செய்தியாயிற்று. அதனைத் தழுவி 1953இல் எடுக்கப்பட்ட திரைப்படத்தில் மார்லன் பிரண்டோ தோல் மேலங்கியுடன் தோன்றினார். அதன்பின் சட்டத்தை இகழும் மோட்டார் சைக்கிளோட்டி உலகெங்கும் விலைபோகும் உருவமானான். கணினித் திரையில் இன்று ஓடும் ஊர்தி அவ்வுருவத்தின் பேரப்பிள்ளை எனலாம்.

இனி விளையாட்டையே சற்று உற்று நோக்குவோம். 'த லொஸ்ட் அன்ட் டாம்ட்' கதையின் தலைவன் ஜொனி கிளெபிட்ஸ் என்பான் ஒரு மோட்டார் சைக்கிள் கழகத்தின் உபதலைவன். அக்கழகத்துக்குத் தலைவன் உண்டு, பதவிகள் உண்டு, மேலங்கியில் தைத்த சின்னம் உண்டு. கூட்டமாகச் செல்லுகையில் தலைவனுக்குப் பின்னே தனக்குரிய இடத்தில், பாதையில் ஒளிரும் சின்னத்தின்மேல் பிசகாது சென்றால், ஆடுபவரின் உடல்நலமும் வண்டியின் பழுதும் சீராகின்றன. அதாவது, வரிசையிற் செல்பவனுக்கே பரிசு. சட்டத்தை உதறியவன் சென்றடைந்த இடத்தில் முன்னதினும் இறுக்கமான இன்னொரு சட்டம் இருக்கிறது. இவை அனைத்தையும் தாங்கி நிற்பதோ, ஒரு காற்புள்ளி பிசகினும் இயங்க மறுக்கும் கணினிக் கட்டளை. 'திறந்த உலகம்' எனப்படும் அவ்வுலகம் நான்கு புறமும் கடலில் முடிகிறது. கதை முடிவில் எஞ்சியோர் தம் கழகத்து மனையைத் தாமே எரித்துவிடுகின்றனர். 2013இல் வந்த அடுத்த விளையாட்டில் ஜொனி இரக்கமின்றிக் கொல்லப்படுகிறான். கதை இயற்றியோருக்கு உண்மை தெரிந்தே இருக்கிறது. ஆயினும் ஆடுபவர் நினைவில் எஞ்சுவது நெடுஞ்சாலையும் இயந்திர முழக்கமுமே.

இந்த இடத்தில் மலையகத்தவராகிய நாம் பேசவேண்டிய சொல் ஒன்றுண்டு. சட்டத்துக்குப் புறத்தே இருத்தல் என்றால் என்ன என்பதை அமெரிக்கத் திரைப்படம் பார்த்து அறியவேண்டிய நிலையில் நாம் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளியானான். கடன் தீர்ந்ததற்கான 'துண்டு' இன்றி அவனை வேறு தோட்டத்தில் ஏற்கமாட்டார்கள். அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. விளையாட்டில் பாதை என்பது இன்பம். நம் மூதாதையர்க்குப் பாதையில் இறங்குவதே குற்றமாக இருந்தது.

பின்னர் நேர்ந்தது அதனினும் பெரிது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. இங்கிலாந்து தன் சட்டநூலிலிருந்து அப்பழந்தண்டனையை நீக்கிய பத்தாம் ஆண்டில், அதன் ஆட்சியினின்று விடுபட்ட நாடொன்று ஒரு சமூகம் முழுவதையும் தன் சட்டத்தின் புறத்தே நிறுத்தியது. மன்றுக்கு அழைத்தும் வாராதவர் அல்லர் அவர். மலையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பகிர்ந்தனர். எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இல் முடிவாயிற்று. நாடற்ற நிலைக்கு முடிவுகாண 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அவ்வைம்பத்தைந்து ஆண்டுகளிற் சட்டத்தின் பிடி தளர்ந்ததால் அம்மக்கள் சுதந்திரமாய்த் திரிந்தனரா? இல்லை. காணி வாங்கவும், கடவுச்சீட்டுப் பெறவும், அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கவும் தடையாயிற்று. சட்டம் அவர்களைக் காக்க மறந்ததேயன்றித் தண்டிக்க மறக்கவில்லை. ஜேர்மனியிலிருந்து 1933இல் தப்பியோடி, 1951இல் அமெரிக்கப் பிரஜையாகும் வரை தாமும் ஏதிலியாக வாழ்ந்த சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் இதனை ஒரு விந்தையான உரைகல்லால் விளக்கினார். ஒருவன் சிறு குற்றம் புரிந்தால் அவனது சட்ட நிலை முன்னதினும் மேம்படுமாயின், அவன் மெய்யாகவே சட்டத்தின் புறத்தே இருந்தவன் என்பது அவர் கருத்து. களவு செய்தவனுக்கு வழக்கு உண்டு, வழக்கறிஞர் உண்டு, நீதவானின் ஏட்டில் ஒரு பெயர் உண்டு. நாடற்றவனுக்கு இவற்றுள் எதுவும் உறுதியில்லை. இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால் திரையில் விரையும் வீரன் புறத்தான் அல்லன் என்பது தெளிவாகும். துரத்துவதற்குப் பொலிஸாரும், எழுவதற்கு மருத்துவமனையும், செலவிடப் பணமும் உடைய அவன் சட்டத்தின் செல்லப்பிள்ளை. புறத்தே நிற்றல் என்பது உள்ளே இடமுடையோர் ஆடும் ஆட்டம். புறத்தே நிறுத்தப்பட்டோர்க்கு அவ்வாட்டம் வாய்ப்பதில்லை.

அவ்வாறாயின் சட்டம் எதுவாயினும் பணிக என்பது இதன் முடிபாகுமா என்று ஒருவர் வினவலாம். 1948இல் இயற்றப்பட்டதும் சட்டமே என்பதை அவர் சுட்டிக்காட்டலாம். வலுவான தடை இது. இதற்கு விடை நம் வரலாற்றிலேயே உள்ளது. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிரஜாவுரிமை கோரிக் கொழும்பிற் சத்தியாக்கிரகம் நடத்தியது. அநீதியான சட்டத்தை எதிர்ப்பவன் முகத்தை மூடிக்கொண்டு மறைவதில்லை. தன் பெயரைச் சொல்லி, தெருவில் அமர்ந்து, 'என்னையும் எண்ணுக' என்கிறான். குரூசரில் விரைபவன் எண்ணப்படாமல் இருப்பதற்காக ஓடுகிறான். இருவரும் சட்டத்தோடு முரண்படுவோரே. ஆயினும் ஒருவன் சட்டத்தைத் திருத்துகிறான், மற்றவன் அதனைத் தனக்கு மட்டும் இல்லையாக்குகிறான்.

இன்னுமொரு வேறுபாடும் உண்டு. அது வழியோரத்தில் நிற்பவரைப் பற்றியது. விளையாட்டில் ஊர்தி மோதி வீழ்பவருக்குப் பெயரில்லை, வீடில்லை. சற்றுத் தொலைவு சென்றால் உடலும் மறைந்துவிடும். புகழ்பெற்ற கள்வரின் கதைகளிலும் இதே மறதி உண்டு. கொழும்பு–கண்டி வீதியிற் கொள்ளையிட்ட உத்துவன்கந்தைச் சரதியல் செல்வரிடம் பறித்து வறியவர்க்கு ஈந்தான் என இன்றும் நாட்டார் கதை பேசும். அவன் 1864 மே 7ஆம் நாள் கண்டியிற் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடிக்கச் சென்று, அவ்வாண்டு மார்ச் 21ஆம் நாள் சுடப்பட்டு இறந்த சபான் என்னும் பொலிஸ்காரரின் பெயரை எத்தனை பேர் அறிவர்? நம் பழந்தமிழ் மரபு இவ்விடயத்திற் கூர்மையாக இருந்தது. பாலைத்திணையில் ஆறலைகள்வர் வருவர். ஆனால் வழிச்செல்வோரின் அச்சத்தினூடாகவே அவர்களைக் காண்கிறோம். கள்வனின் கண்ணால் வழியைக் காட்டும் புனைவுக்கும், வழிப்போக்கனின் கண்ணாற் கள்வனைக் காட்டும் பாடலுக்கும் இடையே அறத்தின் தூரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெயரற்றவராய் வழியோரத்தில் நின்ற சமூகத்தின் வழித்தோன்றல்கள், எந்தக் கண்ணைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதனால் அவ்விளையாட்டை ஆடும் இளைஞனைக் கடிந்துரைப்பது எம் நோக்கமன்று. பத்தடி நீளமும் பத்தடி அகலமுமான லயன் அறையில் பலருடன் வாழ்பவன், எல்லையற்ற பாதை ஒன்றைக் கனவிற் காண்பதில் வியப்பில்லை. அவனது ஏக்கம் மதிக்கத்தக்கது. அவ்வேக்கத்துக்கு விற்பனையாளர் சூட்டிய பெயரே பொய்யானது. அவன் வேண்டுவது சட்டமில்லாத உலகத்தையா? தன் பெயரில் ஒரு காணித்துண்டு, கடிதம் தோட்டத்துக் காரியாலயத்தைச் சுற்றி வராமல் நேரே வந்துசேரும் ஒரு முகவரி, தான் விரும்பும்போது புறப்பட்டு விரும்பும்போது திரும்பும் உரிமை ஆகியவற்றையே அவன் வேண்டுகிறான். இவை யாவும் சட்டத்தின் உள்ளே கிடைப்பன.

வலப்பனையின் வளைவுப் பாதைகளில் இன்று நம்மவர் மோட்டார் சைக்கிள்கள் பல ஓடுகின்றன. திரையில் வரும் குரூசரின் தோற்றப் பொலிவு அவற்றுக்கு இல்லை. மரக்கறி மூட்டையையும், காய்ச்சற்காரப் பிள்ளையையும், பரீட்சைக்குச் செல்லும் தங்கையையும் அவை சுமக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னும் ஓர் இலக்கத் தகடு உண்டு. ஓட்டுபவரின் சட்டைப்பையில் அடையாள அட்டையும் சாரதி அனுமதிப்பத்திரமும் உண்டு. எண்ணப்படுவதை இழிவெனக் கருதும் வீரனுக்கு இவை விலங்குகளாகத் தோன்றலாம். எண்ணப்படாமலே வாழ்ந்து மறைந்த ஒரு தலைமுறையின் பேரர்க்கு, அந்தத் தகட்டில் உள்ள இலக்கம் ஒரு சாசனம்.