யார் செய்த பீர்?

மெல்பர்னில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பீர் கிளாஸைக் கையில் வாங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது நீங்களே செஞ்சதாக்கா?" ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. மால்ட்டை அளந்ததும், அடுப்படியில் நின்றதும், பாத்திரம் கழுவியதும் நான்தான். ஆனால் பீரைச் செய்தது யார் என்பதற்கு அது பதிலாகுமா? நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். மனித முயற்சி எங்கே முடிகிறது, அருள் எங்கே தொடங்குகிறது என்று எங்கள் திருச்சபை 1,500 ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வந்திருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது விளங்காத அந்த வாதம், துணிப்பையில் மால்ட்டை ஊறவைத்து அதன் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சாராயம் காய்ச்சுவது அல்ல. ஆவியாக்கி வடிப்பது இதில் கிடையாது. மால்ட் என்னும் முளைவிட்ட பார்லியின் இனிப்புச் சாறு புளித்துப் பீராகிறது, அவ்வளவுதான். சொந்த உபயோகத்துக்கு இதை வீட்டில் செய்ய ஆஸ்திரேலியச் சட்டம் இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் இடம் கொடுக்காது, அங்கே செய்யாதீர்கள்.

பழைய முறைக்கு வெந்நீருக்கு ஒன்று, மால்ட் ஊற ஒன்று, கொதிக்க ஒன்று என்று மூன்று பெரிய பாத்திரங்கள் வேண்டும். 2000-களின் நடுவில் இங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் சிலர் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே பானை, ஒரே பை என்று ஆக்கினார்கள். பைக்கு ஜன்னல் திரைச்சீலைக்கு விற்கும் பாலியஸ்டர் வாயல் துணியே போதும். நூலும் பாலியஸ்டராக இருக்கட்டும். பானையின் உள்பக்கம் முழுக்கப் படிந்து, வாய்ப்பகுதி வெளியே மடிந்து தொங்கும் அளவுக்குத் தைக்க வேண்டும். மால்ட் உள்ளே தாராளமாக மிதக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 10 லிட்டர்: 19 லிட்டர் பானையில் 15 லிட்டர் தண்ணீர், கடையிலேயே உடைத்து வாங்கிய பேல் மால்ட் 2.2 கிலோ. தண்ணீர் 69 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, பையை இறக்கி, மால்ட்டைக் கட்டி தட்டாமல் கலக்கினால் சூடு 66-க்கு வந்து நிற்கும். மூடி, கனத்த போர்வையால் சுற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தது. ஆரம்பத்தில் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தால் மாவு கரைத்த தண்ணீர்: வெளுத்த கலங்கல், நாக்கில் பச்சை மாவு ருசி. அரை மணி கழித்து எடுத்தால் கலங்கல் அடங்கித் தேன் நிறம் தெரிகிறது, உதட்டில் பிசுபிசுவென்று இனிப்பு ஒட்டுகிறது. வெள்ளைச் சாஸரில் ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு வைப்பேன். மாவுச்சத்து மிச்சம் இருந்தால் கருநீலமாகிவிடும். எல்லாம் சர்க்கரையாகிவிட்டால் அயோடின் தன் பழுப்பு நிறத்திலேயே இருக்கும். (சோதித்த சொட்டைத் திரும்பப் பானையில் ஊற்றக் கூடாது.) இதற்குள் நான் செய்தது போர்வை சுற்றியது மட்டும்.

வேலை செய்தது அமைலேஸ் என்ற நொதி. பார்லி விதை ஈரம் பட்டு முளைவிட்டபோது, தன் குருத்துக்கு ஊட்டுவதற்காகத் தானே அதை உண்டாக்கிக்கொண்டது. மால்ட் ஆலைக்காரர் பக்குவம் பார்த்து உலர்த்தி முளையை நிறுத்துகிறார். நொதி அப்படியே தங்கிவிடுகிறது. வெந்நீரில் அது மறுபடி எழுந்துகொள்கிறது. நம் வீடுகளில் முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி வைக்கும்போது, சாதாரண மாவைவிட இளக்கமாகவும் இனிப்பாகவும் வருவதற்கும் இதே நொதிதான் காரணம். என் அம்மா அந்த மாவை வெயிலில் காயவைத்து இடித்தபோதெல்லாம் நாங்கள் அருகில் உட்கார்ந்திருந்தோம்.

5-ஆம் நூற்றாண்டில் மார்செய் நகரில் வாழ்ந்த துறவி யோவான் காசியான், சில நேரங்களில் நல்லெண்ணத்தின் முதல் அசைவு மனிதனிடமிருந்து எழுகிறது, அருள் பிறகு வந்து கைகொடுக்கிறது என்று எழுதினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் பானையைத் தேய்த்து வைப்பேன், கடவுள் மீதியைப் பார்த்துக்கொள்வார். ஆனால் 529-இல் ஓரான்ஷ் நகரில் கூடிய சங்கம், புனித அகுஸ்தீனின் வழியில், அது போதாது என்றது. தேடத் தொடங்கும் ஆசையே அருள் போட்ட விதை என்பது அந்தச் சங்கத்தின் தீர்ப்பு. சின்ன வயதில் இது எனக்கு மனிதனைச் சிறுமைப்படுத்துவதாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. நான் தண்ணீரைச் சுடவைப்பதற்கு எத்தனையோ நாள் முன்பே மால்ட்டுக்குள் வேலையாள் வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் இல்லாத தானியத்தை எவ்வளவு நேரம் 66 டிகிரியில் வைத்தாலும் கஞ்சிதான் கிடைக்கும். அதற்காக என் வேலை வீண் என்றும் சொல்ல மாட்டேன். சூடு 80-ஐ நெருங்கினால் நொதி அழிந்துபோகும். கொடுக்கப்பட்டதைக் கெடுக்காமல் வைத்திருப்பது என் பொறுப்பு. அதற்குக் கவனம் வேண்டும், தெர்மாமீட்டர் வேண்டும்.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பையைத் தூக்கி வடியவிட்டு, கையுறை போட்டு நன்றாகப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்ற பயம் தேவையில்லை. வடிந்த சாறு ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். கொதி வந்ததும் கசப்புக்கு 12 கிராம் பிரைட் ஆஃப் ரிங்வுட் ஹாப்ஸ் போட வேண்டும். பிறகு ஐஸ் தொட்டியில் 20 டிகிரிக்கு ஆறவைத்து, கிருமி நீக்கிய வாளிக்கு மாற்றி, 11 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தில் பாதியைத் தூவ வேண்டும். தூவும்போது நான் சிலுவை அடையாளம் போடுவேன்.

என் மகன் நுண்ணுயிரியல் படிக்கிறான். "அம்மா, தெரியாத காலத்துல கடவுள்னு சொன்னாங்க. இப்பத்தான் ஈஸ்ட்டுக்கு சாக்கரோமைசிஸ்னு பேரே தெரியுமே, இன்னும் எதுக்கு சிலுவை?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். தாய்ப்பால் எந்த ஹார்மோனால் சுரக்கிறது என்று உனக்குத் தெரியுமே, அதனால் நீ குடித்த பால் நீ சம்பாதித்ததாகிவிடுமா என்று கேட்டேன். "அப்ப நன்றி உங்களுக்குத்தானேம்மா, கடவுளுக்கு எதுக்கு?" என்றான். அதற்குப் பானையிலிருந்து என்னால் பதில் எடுத்துக் கொடுக்க முடியாது. பீர் நுரைப்பதை வைத்துக் கடவுளை நிரூபிக்க நான் முயலவும் இல்லை. இது என்னுடையது என்று சொல்ல முடியாமல் செய்கிறது, அந்த அளவுக்குத்தான் பானை சாட்சி. யாருக்கு நன்றி என்பது விசுவாசம் சொல்வது.

ஆனால் காரணம் தெரிந்தால் கொடை என்ற எண்ணம் போய்விடும் என்று அவன் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் நார்விச் நகரத்துப் பீர் காய்ச்சுவோர் 1468-இல் ஒரு விதியை ஏற்றார்கள். நுரையில் திரளும் ஈஸ்ட் கடவுளின் கொடை. அதனால் கேட்பவருக்கு அதைத் தர வேண்டும், பதிலுக்கு ரொட்டியோ முட்டையோ வாங்கினாலும் ஃபார்த்திங் என்ற சிறு காசு ஒன்றின் மதிப்பைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு ஈஸ்ட் என்ன பொருள் என்றே தெரியாது. 1857-இல் லூயி பாஸ்டர் நொதித்தல் உயிருள்ளவற்றின் வேலை என்று காட்டத் தொடங்கினார். 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். காரணம் கைக்குள்ளேயே வந்துவிட்டது. நிறுவனர் யாக்கோப்சன் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். தெரியாதவர்களும் கொடுத்தார்கள், தெரிந்தவரும் கொடுத்தார்.

அருள் என்று இவ்வளவு சொல்லும்போது, குடியால் சீரழிந்த வீடுகள் என் கண் முன்னால் வராமல் இல்லை. எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், சம்பள நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவரும் பெண்களை. புனித பெனடிக்ட், எங்கள் ஊர் வழக்கில் ஆசீர்வாதப்பர், தன் மடத்து ஒழுங்கின் 40-ஆம் அதிகாரத்தில் துறவிகளுக்கு நாளுக்கு இவ்வளவு திராட்சை இரசம் என்று தயங்கித் தயங்கியே அளவு வைக்கிறார். குடிக்காமல் இருக்கும் வலிமையையும் கடவுள் தருவதாகவே சொல்கிறார். ஆகவே என் வீட்டில் வேண்டாம் என்கிறவரை இரண்டாம் முறை கேட்பதில்லை. குடித்துத் திண்டாடி மீண்டவர் வரும் நாளில் பாட்டில் மேசைக்கே வராது.

இரண்டு வாரத்தில் புளிப்பு அடங்கிவிடும். பீரைப் பாட்டிலுக்கு மாற்றியதும் வாளியின் அடியில் வெண்சந்தன நிறத்தில் கூழ் படிந்திருக்கும். நான் தூவியது அரைப் பொட்டலம். படிந்திருப்பது அதைப்போலப் பல மடங்கு ஈஸ்ட். அத்தனையும் எனக்குத் தேவைப்படாது. இந்தப் பக்கம் யார் புதிதாகத் தொடங்கினாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரில் கொதிக்கவைத்த கண்ணாடி ஜாடி கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூடியை இறுக்கித் திருகாதீர்கள், இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். உங்களுக்கு மிஞ்சுவதை அடுத்தவருக்குக் கொடுங்கள்.