குறையை விற்கிறீர்களா, நிறையை விற்கிறீர்களா?

ஏதாவது ஒரு மாலில், அழகு சாதனக் கடைப் பக்கம் சும்மா போய் நில்லுங்கள். விற்பனைப் பெண் உங்கள் முகத்தைக் கூர்ந்து பார்ப்பார்.

''மேடம், கண்ணுக்குக் கீழ கருவளையம் தெரியுதே... ஸ்கின் வேற ரொம்ப டல்லா இருக்கு!''

உள்ளே நுழையும்போது நன்றாகத்தான் இருந்தீர்கள். வெளியே வரும்போது கையில் ஒரு பை, மனசில் ஒரு குறை. பையைக் காசு கொடுத்து வாங்கினீர்கள். குறையை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள்!

ஒருத்தரை மட்டம் தட்டாமல் அழகை விற்கவே முடியாதா?

முடியும் என்று காட்டியவர் பாபி பிரவுன். 1980-களில் நியூயார்க்கில் மேக்கப் போட்டுப் பிழைத்த பெண். அப்போது அப்பு அப்பென்று அப்புவதுதான் ஃபேஷன். சந்தையில் கிடைத்த ஃபவுண்டேஷன் பெரும்பாலும் ரோஸ் நிறம். போட்டால் முகமூடி மாதிரி இருக்கும். 'முகத்தை மறைக்கவா மேக்கப்?' என்று யோசித்தார். உதட்டின் சொந்த நிறத்தை ஒட்டியே பத்து லிப்ஸ்டிக் தயாரித்து, 1991-ல் கடைக்குக் கொண்டு வந்தார். மாசத்துக்கு நூறு விற்றால் போதும் என்று நினைத்தார். முதல் நாளே நூறு விற்றது!

1995-ல் கம்பெனியை எஸ்டீ லாடர் நிறுவனத்துக்கு விற்றார். 2016-ல் அங்கிருந்தும் விலகினார். அவருடைய சொந்தப் பெயரே இப்போது அடுத்தவர் சொத்து. போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற 25 வருஷ ஒப்பந்தம் வேறு. அது முடிந்த 2020-ல், 63 வயதில், 'ஜோன்ஸ் ரோடு' என்று வேறு பெயரில் புதுசாக ஆரம்பித்தார். பெயர் கைவிட்டுப் போனாலும், முகத்தைப் பார்க்கத் தெரிந்த கண் போகவில்லையே!

நம் ஊர்க் கதை வேறு. 1975-ல் வந்தது 'ஃபேர் அண்ட் லவ்லி'. கறுப்பாக இருந்தால் வேலை இல்லை, வரன் இல்லை. சிவந்தால் எல்லாம் கிடைக்கும் என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுக்க 2020 வரை, 45 வருஷம் ஆனது. அதற்குள் எத்தனை பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று தங்களையே வெறுத்திருப்பார்கள்?

''வியாபாரம்னா அப்படித்தான் சார். குறை சொல்லலேன்னா யார் வாங்குவாங்க? டாக்டர்கூட நோயைச் சொல்லித்தானே ஃபீஸ் வாங்குறார்?'' என்று கேட்பீர்கள்.

நல்ல கேள்வி. ஆனால், நல்ல டாக்டர் இருக்கிற நோயைச் சொல்கிறார். நீங்கள் மறுபடி வராமல் இருப்பதுதான் அவருக்கு வெற்றி. இங்கேயோ இல்லாத நோயை உண்டாக்கி, மாசா மாசம் மருந்து விற்கிறார்கள்.

அடுத்தவர் குறைந்தால்தான் நமக்கு நிறையும் என்ற இந்த எண்ணம் கடையோடு நிற்பதில்லை. இந்தி சினிமாவில் மேக்கப் போடுவது ஆண்கள் வேலை, பெண்கள் தலை அலங்காரம் மட்டும் செய்யலாம் என்று சங்கத்தில் பல காலம் கட்டுப்பாடு இருந்தது. பெண்கள் வந்தால் ஆண்கள் பிழைப்பு போய்விடுமாம்! சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பரில், அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. முகத்தை அலங்கரிக்கத் தெரிந்த கைக்கு, அந்த வேலையைச் செய்யும் உரிமை கிடைக்கவே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.

ராயப்பேட்டையில் ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ் அவென்யூ. இன்னொரு பக்கம், சந்துக்குள்ளே வீட்டு முன் அறையில் கண்ணாடி மாட்டி, கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர்கள். நாளைக்குச் சொந்தமாக பார்லர், அப்புறம் சொந்த பிராண்ட் என்று அவர்களுக்கும் கனவு இருக்கும். இருக்கட்டும், வளரட்டும்! ''உனக்குக் கலர் கம்மிம்மா'' என்று ஆரம்பித்தும் வளரலாம். ''உன் நிறத்துக்கு இந்த மெரூன் பட்டு எப்படி எடுக்குது பாரு'' என்று ஆரம்பித்தும் வளரலாம். இரண்டிலும் காசு வரும். ஆனால், இரண்டாவது வீட்டிலிருந்து கிளம்புகிற பெண், மேக்கப் கலைந்த பிறகும் நிமிர்ந்து நடப்பாள்.

நீங்கள் டெய்லராக இருக்கலாம், டியூஷன் டீச்சராக, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கலாம். இன்று ராத்திரி கல்லாவை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணுங்கள்: உங்களிடம் வந்தவர் திரும்பிப் போகும்போது நிமிர்ந்து போனாரா, குனிந்து போனாரா?